மட்டராஸியின் மறுபாதி: தமிழ் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுச் செய்திகளைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் நிருபர்களுக்கும் வணக்கம்.

இத்தாலியும் பிரான்ஸும் மோதிய 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பெர்லினில் நடந்தது ஜூலை 9 அன்று. 2026 ஜூலையோடு அதற்கு இருபது ஆண்டு. உலகக் கோப்பை நெருங்கினாலே நம் பத்திரிகைகளில் 'மறக்க முடியாத தருணங்கள்' என்று ஒரு பக்கம் வந்துவிடும். பிரான்ஸின் ஜிடேன் தலையைக் குனிந்து ஒரு நீலச் சட்டைக்காரரின் மார்பில் முட்டும் படம் அதில் கட்டாயம் இருக்கும். படத்துக்குக் கீழே ஜிடேனின் பெருமை, ஜிடேனின் சோகம், ஜிடேனின் கடைசி ஆட்டம். முட்டு வாங்கியவருக்கு அரை வரி: 'இத்தாலியின் மட்டராஸி'. அந்த அரை வரியில் சென்னை என்ற பெயரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

மார்கோ மட்டராஸி 2014 முதல் 2016 வரை இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் போட்டியின் மூன்று பருவங்களில் சென்னையின் எஃப்சி அணியின் பயிற்சியாளர். முதல் பருவத்தில் ஆட்டக்காரரும் அவரே. 2015இல் கோப்பையை வென்று கொடுத்தவரும் அவரே. சென்னைக்கு வருவதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இங்கிருந்து போன பிறகும் வேறொரு அணியின் பொறுப்பை ஏற்கவில்லை. உலகக் கோப்பை வென்ற ஒருவரின் பயிற்சியாளர் வாழ்க்கை முழுவதும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தை மையமாக வைத்து நடந்திருக்கிறது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அதை முழுமையாக எழுதும் வாய்ப்பு இத்தாலியப் பத்திரிகைகளுக்குக் கிடையாது, உங்களுக்கு உண்டு. ஆனாலும் நாம் இன்னும் அந்த ஒரு நொடிப் படத்தையே திரும்பத் திரும்ப அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு திருத்தம் கேட்கிறேன், ஏனென்றால் இது ஒரு மனிதரின் மானம் சம்பந்தப்பட்டது. மட்டராஸி ஜிடேனை இனவெறியோடு திட்டினார், மதத்தைச் சொல்லித் திட்டினார் என்று தமிழில் இன்றும் எழுதப்படுகிறது, காணொளிகளில் சொல்லப்படுகிறது. நடந்தது வேறு. அவர் ஜிடேனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்கிற மாதிரி ஜிடேன் சொல்ல, பதிலுக்கு ஜிடேனின் சகோதரியை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இதை மட்டராஸியே பிறகு ஒப்புக்கொண்டார். தன் தாயையும் அவர் இழிவாகப் பேசினார் என்று ஜிடேன் சொன்னார். அதை மட்டராஸி மறுத்தார். பதின்ம வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர் அவர். ஃபிஃபா இருவரையும் விசாரித்தது. பேச்சு இழிவானதுதான், ஆனால் அதில் இனவெறி இல்லை என்று இருவருமே சொன்னார்கள். ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும், மட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. இனவெறிக் குற்றச்சாட்டை அச்சிட்ட பிரிட்டிஷ் நாளிதழ்கள் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தன. அச்சிட்டவர்களே திரும்பப் பெற்றுக்கொண்ட பழியை நாம் எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்?

அவர் சொன்னது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஒருவருடைய சகோதரியை இழுத்துப் பேசுவது எந்த ஊரிலும் கேவலம்தான். செய்த தப்பை மட்டும் எழுதுங்கள், செய்யாததைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இறுதி ஆட்டத்தின் கதையே மட்டராஸியின் கதைதான். அதை நம் பக்கங்கள் சொல்வதில்லை. அந்த உலகக் கோப்பைக்கு அவர் மாற்று ஆட்டக்காரராகப் போனவர். நடுத் தற்காப்பில் இத்தாலியின் பயிற்சியாளர் லிப்பியின் முதல் தேர்வு கன்னவாரோவும் நெஸ்டாவும். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் இருபது நிமிடத்துக்குள் நெஸ்டாவுக்குக் காயம். உள்ளே வந்த மட்டராஸி சில நிமிடங்களிலேயே கார்னரில் தலையால் அடித்துக் கோல் போட்டார். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், பத்துப் பேரோடு ஆடி இத்தாலி தப்பித்தது. அதனால் காலிறுதியில் அவர் ஆடவில்லை. அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். இறுதி ஆட்டத்தின் 7ஆவது நிமிடத்தில் மலூதாவைத் தடுக்கப் போய்ப் பெனால்டி கொடுத்தார். ஜிடேன் அதை மெதுவாகத் தூக்கிப் போட, பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 19ஆவது நிமிடத்தில் பிர்லோ எடுத்த கார்னருக்கு எல்லோரையும்விட உயரமாக எம்பித் தலையால் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் இதே மட்டராஸி. 110ஆவது நிமிடத்தில் முட்டு. அதற்குப் பிறகு ஷூட்அவுட்டில் இத்தாலியின் இரண்டாவது பெனால்டியை எடுத்தவரும் அவரே. மார்பில் இடி வாங்கி மைதானத்தில் விழுந்து கிடந்தவர், அரங்கமே தன்னை வெறுக்கிறது என்று தெரிந்தும் நடந்துபோய்ப் பந்தை வைத்து வலைக்குள் அடித்தார். இத்தாலி 5-3 என்று வென்றது.

அன்று விழுந்த இரண்டு கோலுக்கும் காரணம் அவர். முட்டியதற்காக ஜிடேன் வாங்கிய சிவப்பு அட்டைக்கும் காரணம் அவர். கோப்பையிலும் அவர் பங்கு உண்டு. இவ்வளவு செய்தவருக்கு அரை வரி போதுமா? அந்த முட்டை வைத்து ஐந்து மீட்டர் உயரத்தில் வெண்கலச் சிலையே செய்தார் அதெல் அப்தெஸ்மெத் என்ற சிற்பி. 2012இல் பாரிஸின் பொம்பிடு மையத்தின் முன் வைக்கப்பட்டது, பிறகு தோகாவுக்குப் போனது. சிலையிலும் மட்டராஸி பின்னால் சாய்ந்து விழப்போகும் நிலையிலேயே நிற்கிறார். அவர் எழுந்து நடந்துபோய் எடுத்த பெனால்டிக்கு எங்கும் சிலை கிடையாது.

அவர் வந்த வழியும் எழுதத் தக்கது. 1973 ஆகஸ்ட் 19 அன்று லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜுசெப்பே மட்டராஸி லாட்சியோ உட்படப் பல அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளைக்கு வழி தானாகத் திறந்துவிடும் என்று நினைப்போம். இவருக்குத் திறக்கவில்லை. மர்சாலா, திரபானி, கார்பி என்று கீழ்நிலை லீக்குகளில் சுற்றிச் சுற்றித்தான் மேலே வந்தார். 1998இல் இங்கிலாந்தின் எவர்டனுக்குப் போனவர் ஒரே பருவத்தில் அட்டைகளை அள்ளிக்கொண்டு, முன்பு ஆடிய இத்தாலியின் பெருஜியாவுக்கே திரும்பினார். அங்கே 2000-01 பருவத்தில் 12 கோல் போட்டார். இத்தாலியின் முதல்நிலை லீக்கான செரி ஆவில் ஒரு டிஃபெண்டர் ஒரே பருவத்தில் அவ்வளவு போட்டதில்லை. அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லா வைத்திருந்த 11 கோல் சாதனை அதோடு உடைந்தது. அதற்குப் பிறகுதான், 28 வயதை நெருங்கும்போது, இன்டர் மிலான் அவரை அழைத்தது.

இன்டரில் பத்துப் பருவம். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள், 2010இல் சாம்பியன்ஸ் லீக். ஆனால் முதல் பருவமே கண்ணீரில் முடிந்தது. 2002 மே 5, கடைசி நாள் ஆட்டம். லாட்சியோவை வென்றால் பட்டம் என்ற நிலையில் ரோம் நகரில் இன்டர் 4-2 என்று தோற்றது. மட்டராஸி மைதானத்திலேயே அழுதார். உங்களுக்குப் பட்டம் வாங்கித் தந்ததே நான் என்று லாட்சியோக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். அது வெறும் ஆத்திரம் இல்லை. இரண்டு வருடம் முன்பு, 2000 மே மாதத்தில், கொட்டும் மழையில் யுவென்டஸைத் தோற்கடித்து லாட்சியோவைச் சாம்பியனாக்கிய பெருஜியா அணியில் அவர் இருந்தார். பட்டத்துக்கான எந்தப் பங்கும் இல்லாத ஆட்டத்தில் தான் முழுதாக உழைத்தது போல, இவர்களும் இப்போது உழைத்துவிட்டார்களே என்ற வேதனை அது.

குறைகளையும் மறைக்க வேண்டாம். 2004இல் ஆட்டம் முடிந்து உள்ளே போகும் வழியில் சியெனா ஆட்டக்காரர் புரூனோ சிரில்லோவை அடித்து இரண்டு மாதத் தடை வாங்கினார். 2008 மே மாதம், வென்றால் பட்டம் உறுதியாகும் என்ற ஆட்டத்தில், சக வீரர் குரூஸ் எடுக்க வேண்டிய பெனால்டியைத் தானே கேட்டு வாங்கி அடித்துத் தவறவிட்டார். அதே சியெனாவுக்கு எதிராக, முந்தைய வருடம் ஏப்ரலில், இரண்டு கோல் போட்டுப் பட்டத்தை உறுதி செய்தவரும் அவர்தான். நல்லது, கெட்டது இரண்டும் ஒரே ஆளிடம் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைப்பது அபூர்வம். அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டும்.

படம் வேண்டும் என்றால் வேறு படங்களும் இருக்கின்றன. 2005 ஏப்ரல், சான் சீரோ அரங்கில் மிலான் நகரின் இரண்டு அணிகளும் மோதிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. இன்டர் ரசிகர்கள் தீப்பந்தங்களை மைதானத்துக்குள் வீச, ஒன்று ஏசி மிலான் கோல்கீப்பர் டிடாவின் மேல் விழுந்தது. ஆட்டம் நின்றது. அப்போது மட்டராஸி, எதிரணியின் ருயி கோஸ்டாவின் தோளில் முழங்கையை ஊன்றியபடி, சிவந்த புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருவரும் நம்மைப் பார்க்கவில்லை. கால்பந்துப் புகைப்படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அது. இன்னொன்று, 2010 மே 22, மாட்ரிட். சாம்பியன்ஸ் லீக்கை வென்ற இரவு, அரங்கத்துக்கு வெளியே காரில் ஏறிப் புறப்பட்ட இன்டர் பயிற்சியாளர் மொரின்யோ, சுவர் ஓரமாக நின்ற மட்டராஸியைப் பார்த்ததும் இறங்கி வந்து கட்டிக்கொண்டு அழுகிறார். மொரின்யோ இன்டரைவிட்டுப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். அன்று மட்டராஸி ஆடியது கடைசி ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். அந்த வருடம் பெரும்பாலும் உட்கார வைக்கப்பட்ட ஒரு ஆட்டக்காரர், உட்கார வைத்த பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார் என்றால், பயிற்சியாளர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எங்கே கற்றிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

இனி சென்னை. 2014இல் அவருக்கு வயது 41. இன்டரைவிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஐஎஸ்எல் அப்போது அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும் குட்டிப் போட்டி. எட்டு அணிகள், லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம். ஆடுகளத்தில் எந்நேரமும் குறைந்தது ஐந்து இந்தியர்கள் இருக்க வேண்டும். பல நாட்டுக்காரர்களும் பல மாநிலத்துக்காரர்களும் சில வாரங்களுக்கு முன் ஒன்றுகூடி, போட்டி முடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட அணிக்கு நுணுக்கமான ஆட்டமுறையைப் பழக்க நேரம் போதாது. ஆட்களை ஒருவரையொருவர் நம்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் முடியும். அதில் அவர் தேர்ந்தவர்.

நேரு ஸ்டேடியத்தில் கேலரியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் இருக்கையில் உட்காரவே மாட்டார். எல்லைக்கோட்டை ஒட்டி நின்று, இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளுவது போலத் தள்ளி, டிஃபெண்டர்களை முன்னே ஏறச் சொல்லிக் கத்துவார். பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போதும் அவர் கண் தன்னுடைய நான்கு டிஃபெண்டர்கள் மேலேயே இருக்கும். டிவியில் பந்தைத் தொடர்ந்துபோகும் கேமராவுக்கு இதெல்லாம் அகப்படாது. முதல் உள்ளூர் ஆட்டத்தில் கேரளாவுக்கு எதிராக நம் அணியின் மென்டோசா அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த கோல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பருவத்தில் எலானோ எட்டுக் கோலுடன் அதிக கோல் போட்டவரானார், அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. பருவத்தின் பிற்பகுதியில் நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். 2006இல் யாருடைய காயத்தால் மட்டராஸிக்கு இடம் கிடைத்ததோ, அதே நெஸ்டா எட்டு வருடம் கழித்துச் சென்னையில் அவருக்குக் கீழ் ஆடினார். இதை ஒரு தனிக் கட்டுரையாக எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த வருட அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று தோற்று வந்தார்கள். சென்னையில் சில்வெஸ்டர் ஒன்று, கேரளாவின் ஜிங்கன் தன் வலைக்குள்ளேயே ஒன்று, கடைசி நிமிடத்தில் ஜேஜே ஒன்று என்று மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கேரளாவின் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் போனது. அன்று அரங்கத்தைவிட்டு வெளியே வந்த கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

2015 இன்னும் பெரிய கதை. பருவத்தின் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அரையிறுதிக்கு வாய்ப்பே இல்லை என்று எழுதிய பத்திரிகைகளில் தமிழ்ப் பத்திரிகைகளும் உண்டு. கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து வென்று உள்ளே நுழைந்தார்கள். அதே நாட்களில்தான் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தை இங்கே நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று, நடப்புச் சாம்பியனான கொல்கத்தாவை அங்கே 3-0 என்று அடித்தார்கள். இந்த நகரத்தில் பல வீடுகளில் கரண்ட் வந்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தது. சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் செல்போனில் ஸ்கோர் கேட்டார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா அரங்கில் இறுதி ஆட்டம். எதிரணிக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ, அரங்கம் முழுக்க கோவா ரசிகர்கள். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே போட்ட கோலில் கோவா 2-1 என்று முந்தியது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து உள்ளே போனது. அடுத்த சில நொடிகளுக்குள் என்பது போல, கூடுதலாகக் கொடுத்த நேரத்தில், மென்டோசா அடித்தார். 3-2. மென்டோசாவுக்கு அது அந்தப் பருவத்தின் 13ஆவது கோல். சென்னையின் முதல் ஐஎஸ்எல் கோப்பை அது. அந்த இரவு மட்டராஸியிடம் எத்தனை பேர் முறையாகப் பேட்டி எடுத்தார்கள்? வெள்ளத்துக்குப் பிறகான ஊருக்கு அந்தக் கோப்பை என்னவாக இருந்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் அணியின் உரிமையாளர்கள் என்பதால், அடுத்த நாள் படங்களில் அவர்களுக்கே அதிக இடம் கிடைத்தது.

2016இல் ஏழாவது இடம். 2017இல் அவர் விலகினார். மூன்று பருவத்தில் அவர் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தார், வடசென்னையின் கால்பந்துத் திடல்கள் பக்கம் அந்த அணி எவ்வளவு வந்தது என்பதெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். பதில் அவருக்குச் சாதகமாக இல்லாமல் போகலாம். அப்படி என்றாலும் அதுவும் அவருடைய கதையில் ஒரு பகுதி. கேட்காமலே விட்டதுதான் எனக்குக் குறை.

கேட்பதற்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருடைய பேச்சை ஆட்டக்காரர்களுக்கு மாற்றிச் சொன்ன உதவியாளர்கள், அணியின் பேருந்தை ஓட்டியவர்கள், சட்டை துவைத்து அடுக்கியவர்கள், பந்து பொறுக்கிப் போட்ட அன்றைய பள்ளிப் பிள்ளைகள், புல்தரையைப் பராமரித்தவர்கள் எல்லோரும் இந்த ஊரிலேயே இருப்பார்கள். அந்தப் பருவங்களில் ஆடிய இந்திய டிஃபெண்டர்கள் இப்போது ஓய்வு பெற்றோ, பெறும் தறுவாயிலோ இருக்கிறார்கள். கார்னரைத் தடுக்கும்போது எங்கே நிற்கச் சொன்னார், தோற்ற இரவில் உள்ளே என்ன பேசினார், பட்டியலின் அடியில் கிடந்தபோது பயிற்சியில் எதை மாற்றினார் என்று அவர்களிடம் கேளுங்கள். ஐந்து வருடம் போனால் பாதி மறந்திருக்கும்.

2026 ஜூலைக்கான பக்கத்தைத் தயாரிக்கும்போது ஜிடேன் படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஃபடோர்டாவில் கோப்பையோடு நிற்கும் படத்தையும் போடுங்கள். இருபது ஆண்டு நினைவை எழுதப்போகும் நிருபரிடம் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லி, நேரு ஸ்டேடியத்துக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள். பழைய கட்டுரைகளில் இனவெறி என்று இருக்கும் இடங்களில் ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும். சென்னையின் எஃப்சி ஆட்டங்களுக்குப் போன ரசிகர்களிடம் அந்நாளைய டிக்கெட்டுகளும் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு அறிவிப்புப் போட்டால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
நேரு ஸ்டேடியம் கேலரியில் இருந்து ஒரு கால்பந்து ரசிகன்
பெரம்பூர், சென்னை